பந்திக்கு முந்துவதா, படைக்குப் பிந்துவதா: பிரைமரி வாக்கை யாருக்குப் போடுவது, எப்போது போடுவது

அக்கா மகனுக்குச் சில மாதங்களுக்கு முன்பு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளர் பதிவுப் படிவத்தையும் நிரப்பிக் கொடுத்துவிட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டு மேசையில் சாம்பார்ப் பாத்திரத்தை ஓரமாக நகர்த்திவிட்டு ஓர் எக்செல் அட்டவணையைத் திறந்து காட்டினான். 2028 அதிபர் தேர்தலுக்கான பிரைமரியில் யாருக்கு வாக்களிப்பது என்று முடிவெடுப்பதற்கான அட்டவணை அது. கருத்துக்கணிப்பு, திரட்டிய பணம், விவாத மேடை, முதல் மாநிலங்களின் முடிவு, கட்சிப் பெரியவர்களின் ஆதரவு என்று வரிசையாகப் பத்திகள். கடைசியில் மஞ்சள் நிறம் பூசிய ஒரு பத்தி: ‘நவம்பரில் ஜெயிப்பாரா?’

“வேட்பாளர்கள் பெயரை இன்னும் எழுதவில்லை மாமா. யார் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும் நிரப்பிக்கொள்ளலாம். எந்தப் பத்திக்கு எவ்வளவு மதிப்பெண் என்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.”

பொறியாளர் பிள்ளை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. 2020-இல் நானும் இதே மேசையில் உட்கார்ந்து ஏறக்குறைய இதே கணக்கைத்தான் போட்டேன், அட்டவணை இல்லாமல். அவனிடம் அன்று சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் ஊரில் கட்சித் தலைமை வெளியிடும் வேட்பாளர் பட்டியலைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு பிரைமரி ஒரு வினோதம். கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்பதை வாக்குச்சாவடிக்குப் போய் மக்களே சொல்கிறார்கள். இந்த வழக்கம் அவ்வளவு பழையதும் அல்ல. 1968-இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலேயே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் ஆனார். சிகாகோ மாநாட்டுக்கு வெளியே அப்போது நடந்த களேபரத்துக்குப் பிறகுதான் விதிகளைத் திருத்தினார்கள். 1972 முதல் பிரைமரிகளும், கட்சிக்காரர்கள் ஓரிடத்தில் கூடி விருப்பத்தைச் சொல்லும் காகஸ்களும்தான் வேட்பாளரைத் தீர்மானிக்கின்றன. மாநிலம் மாநிலமாக, வாரம் வாரமாக நடக்கும். அங்கே சேரும் பிரதிநிதிகளின், அதாவது கட்சி மாநாட்டில் வேட்பாளருக்காக வாக்களிப்பவர்களின், எண்ணிக்கையில் பாதிக்கு மேல் யாரிடம் இருக்கிறதோ அவரே வேட்பாளர்.

நாங்கள் இருக்கும் டெக்சாஸில் இன்னொரு வசதியும் உண்டு. இங்கே வாக்காளராகப் பதியும்போது கட்சியைச் சொல்ல வேண்டியதில்லை. பிரைமரி நாளில் சாவடிக்குப் போய், இந்தக் கட்சியின் சீட்டா அந்தக் கட்சியின் சீட்டா என்று கேட்டால் சொன்னால் போதும். ஆகவே எந்தக் கட்சிச் சண்டையில் கலந்துகொள்வது என்பதே முதல் முடிவு. இந்த வரி அவனுடைய அட்டவணையில் இல்லை.

இனி பத்திகளுக்கு வருகிறேன்.

பணத்தை எடுத்த எடுப்பிலேயே அடிக்கச் சொன்னேன். டெக்சாஸ்காரன் இதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் முன்னாள் ஆளுநர் ஜான் கானலி 1980 குடியரசுக் கட்சி பிரைமரியில் ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் செலவழித்து ஒரே ஒரு பிரதிநிதியைப் பெற்றார். 2016-இல் ஜெப் புஷ்ஷுக்காக இயங்கிய அமைப்பு பத்துக் கோடி டாலருக்கு மேல் திரட்டியது. தெற்கு கரோலினாவோடு அவர் மூட்டை கட்டிவிட்டார். 2020-இல் பெருங்கோடீஸ்வரர் மைக்கேல் ப்ளூம்பெர்க் முதல் நான்கு மாநிலங்களைத் தொடாமல் விட்டு, பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களிக்கும் சூப்பர் செவ்வாய்க்குள் ஐம்பது கோடி டாலருக்கு மேல் சொந்தப் பணத்தை இறைத்தார். எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் வானிலை அறிக்கையைவிட அவர் முகத்தைத்தான் அதிகம் பார்த்தோம். அன்று அவர் முதலிடம் பிடித்தது ஒரே இடத்தில். பசிபிக் கடலில் இருக்கும் அமெரிக்க சமோவாவில். பணம் இல்லாதவர் பாதியில் நின்றுபோவார் என்பது உண்மை. பணம் இருப்பவர் ஊர் போய்ச் சேருவார் என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

கருத்துக்கணிப்பைப் பற்றி இவ்வளவு கறாராகச் சொல்ல முடியாது. ஓராண்டுக்கு முன்பே வரும் நாடு தழுவிய கணிப்புகள் பெரும்பாலும் பெயர் தெரிந்தவர் யார் என்பதைத்தான் அளக்கின்றன. 2007-இன் பெரும்பகுதி குடியரசுக் கட்சிக் கணிப்புகளில் ரூடி ஜூலியானி முன்னிலையில் இருந்தார். ஜான் மெக்கெயினோ அந்தக் கோடையில் கையில் காசில்லாமல், பணியாளர்கள் விலகிப் போக, தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு விமானம் ஏறினார். ஜூலியானி புளோரிடாவில் மூன்றாவது வந்து விலகினார். மெக்கெயின் வேட்பாளர் ஆனார். 2003 கடைசியில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹோவர்ட் டீன்தான் என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அயோவாவில் 18 விழுக்காட்டோடு மூன்றாவதாக வந்து நின்றார். இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கணிப்பே பொய் என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. 2015 ஜூலையிலிருந்து டொனால்ட் டிரம்ப் முன்னே இருக்கிறார் என்று கணிப்புகள் ஏறக்குறைய விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தன. படித்தவர்கள் பலர், நானும் சேர்த்தி, இது நீடிக்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். கணிப்புதான் சரியாக இருந்தது.

ஆக, எட்டாக மடித்து எங்காவது ஓரமாக வைத்துக்கொள்ள வேண்டிய தாள் அது. தூக்கிப் போடவும் கூடாது, தலையில் வைத்துக் கூத்தாடவும் கூடாது.

விவாத மேடையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவன் முகம் மலர்ந்தது. விவாதங்களை வரிவிடாமல் பார்ப்பவன். ரிக் பெர்ரியின் கதையைச் சொன்னேன். 2011 நவம்பரில், எங்கள் ஆளுநராக இருந்த பெர்ரி மூன்று அரசுத் துறைகளை ஒழித்துக்கட்டுவேன் என்று மேடையில் முழங்கிவிட்டு, இரண்டின் பெயரைச் சொன்னார், மூன்றாவது ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு நிமிடம் போலத் தடுமாறிவிட்டு, கடைசியில் அசடு வழிந்தார். அவருடைய முயற்சி அத்தோடு தீர்ந்தது. மறந்துபோன அந்தத் துறை எரிசக்தித் துறை. 2017-இல் அதே துறைக்கு அவரை அமைச்சராக்கினார்கள். (டெக்சாஸில் இருப்பதற்கு இப்படிச் சில இன்பங்கள் உண்டு.)

விவாத மேடை ஒருவரைக் கவிழ்க்க வல்லது, ஏற்றிவிடும் சக்தி அதற்குக் குறைவு. 2019 ஜூனில் மயாமி மேடையில் கமலா ஹாரிஸ், ஜோ பைடனைப் பள்ளிப் பேருந்து விவகாரத்தில் (கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கப் பேருந்தில் அனுப்பும் பழைய திட்டம்) மடக்கினார். அந்த வாரம் ஊரெல்லாம் அதே பேச்சு. அவருடைய தாய் சியாமளா கோபாலன் சென்னையிலிருந்து வந்தவர் என்பதால் எங்கள் வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் பேச்சு இன்னும் ஒரு படி கூடுதல். டிசம்பர் 3-ஆம் தேதி, ஒரு மாநிலம்கூட வாக்களிக்கும் முன்பே அவர் விலகிவிட்டார். 2020 பிப்ரவரி 19, லாஸ் வேகஸ் மேடையில் எலிசபெத் வாரன் ப்ளூம்பெர்க்கைப் பிரித்து மேய்ந்தார். நான் பார்த்த விவாதங்களிலேயே அதுபோல ஒருவர் இன்னொருவரை நிற்க வைத்து உரித்தது கிடையாது. பலன்? நெவாடா காகஸுக்கு இருந்தது மூன்று நாள். ஆனால் அங்கே முன்கூட்டியே வாக்களிக்கும் காலம் 18-ஆம் தேதியோடு முடிந்திருந்தது. முன்பே வாக்களித்துவிட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த விவாதத்தைப் பார்த்து மனம் மாறினாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் இதற்குத்தான் திரும்பி வர வேண்டியிருந்தது.

‘நம்மவர்’ என்ற கணக்கு அட்டவணையில் எழுதப்படவில்லை, ஆனால் மேசையைச் சுற்றி எப்போதும் உட்கார்ந்திருக்கும். 2024 குடியரசுக் கட்சி பிரைமரியில் விவேக் ராமசாமி நின்றார். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், வீட்டில் தமிழ். நிக்கி ஹேலி நின்றார், பஞ்சாபிப் பெற்றோர். கோயில் உணவுக்கூடத்தில் தோசைக்கு வரிசையில் நின்றபோது, இவர்கள் இருவரின் கொள்கை என்ன என்று ஒரு வரி தெரியாத ஒருவர் இருவரையும் ஒரே மூச்சில் ஆதரித்தார். மேடையில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை போலும். ராமசாமி அயோவாவில் 8 விழுக்காட்டைத் தொடாமல் அன்றிரவே விலகி டிரம்பை ஆதரித்தார். ஹேலி வாஷிங்டன் நகரத்தையும் வெர்மான்டையும் மட்டும் வென்றுவிட்டு மார்ச் 6-இல் நிறுத்திக்கொண்டார். நம் பெயர் போன்ற பெயரைச் சீட்டில் பார்ப்பது மகிழ்ச்சிதான். அதற்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

முதல் மாநிலங்களுக்கு எவ்வளவு கொடுப்பது? ஒரு தலைமுறைக்கு அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் என்பவை தேவவாக்குப் போல இருந்தன. 2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் பராக் ஒபாமா 38 விழுக்காட்டோடு முதலிடம் வந்தபோது, வெள்ளையர்கள் நிறைந்த ஒரு மாநிலம் இவரைத் தேர்ந்தெடுக்கும் என்று நாடே கண்டுகொண்டது. அதுவரை ஹிலாரி கிளின்டன் பக்கம் நின்ற கறுப்பின வாக்காளர்கள் பலர் அதன் பிறகுதான் அவர் பக்கம் சாய்ந்தார்கள். முதல் மாநிலத்தின் உண்மையான பயன் அதுதான். மற்றவர்களின் அச்சத்தைப் போக்கும், அல்லது கூட்டும். ஆனால் குடியரசுக் கட்சியில் 2008-இல் அயோவாவை வென்ற ஹக்கபி, 2012-இல் வென்ற சான்டோரம், 2016-இல் வென்ற டெட் குரூஸ் மூவரில் ஒருவரும் வேட்பாளர் ஆகவில்லை. 1992-இல் பில் கிளின்டன் அயோவாவில் 3 விழுக்காடு, நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டாமிடம். அவருக்கு முன்னால் பால் சாங்கஸ் இருந்தார். சாங்கஸின் பெயரை இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதே வரிசையில் 2020 பைடனை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவன் அட்டவணைப்படி அவருக்கு என்ன மதிப்பெண் விழுந்திருக்கும்? அதற்கு முன்பு இரண்டு முறை நின்று, ஒரு மாநிலத்தையும் வெல்லாதவர். அயோவாவில் நான்காவது. நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது, 8 விழுக்காடு சொச்சம். அந்த முடிவு வரும்வரை காத்திராமல் அன்று மாலையே தெற்கு கரோலினாவுக்குக் கிளம்பிவிட்டார். நெவாடாவில் பெர்னி சாண்டர்ஸ் ஏறக்குறைய 47, பைடன் 20. பணம் வறண்டுபோயிருந்தது. விவாதங்களில் பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொள்வார். மொத்த மதிப்பெண் பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரிசை.

அன்று என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

டெக்சாஸில் பிப்ரவரி 18 முதல் 28 வரை முன்கூட்டியே வாக்களிக்கலாம். மனைவிக்கு எமி க்ளோபுச்சரைப் பிடித்திருந்தது. மினசோட்டா செனட்டர், அலட்டிக்கொள்ளாதவர், மசோதாக்களை நிறைவேற்றத் தெரிந்தவர். நியூ ஹாம்ப்ஷயரில் ஏறக்குறைய 20 விழுக்காட்டோடு மூன்றாமிடம் பிடித்திருந்தார். 24-ஆம் தேதி, நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனவள் பக்கத்து அறையில் இருந்த சாவடியில் வாக்களித்துவிட்டு வந்தாள். பத்து நிமிடம். எனக்கு மனம் வாரன் பக்கம், கணக்கு வேறு பக்கம். சாண்டர்ஸ் நின்றால் டெக்சாஸ் புறநகரில் நம் ஆட்கள் வாக்களிப்பார்களா, ஒரு சிறு நகர மேயராக இருந்த பூட்டஜெஜுக்கு அனுபவம் போதுமா, ப்ளூம்பெர்க் ஒரு முறை அந்தக் கட்சி ஒரு முறை இந்தக் கட்சி என்று இருந்தவராயிற்றே என்று நாளொரு கவலை. கடைசி நாளான மார்ச் 3 வரை இழுத்தேன்.

அந்த இடைவெளியில் நடந்தது இது. 26-ஆம் தேதி தெற்கு கரோலினாவின் மூத்த காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் பைடனை ஆதரித்தார். 29-ஆம் தேதி அங்கே பைடனுக்கு 48 விழுக்காட்டுக்கு மேல், சாண்டர்ஸுக்கு 20-க்குச் சற்றுக் குறைவு. மார்ச் 1 ஞாயிறு மாலை பூட்டஜெஜ் விலகினார். மார்ச் 2 திங்கள் க்ளோபுச்சர் விலகினார். அன்றிரவே இருவரும் டல்லாஸுக்கு வந்து பைடனை ஆதரித்தார்கள், எங்கள் டெக்சாஸின் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர் பெட்டோ ஓரூர்க்கும் சேர்ந்துகொண்டார். மனைவி சமையலறையிலிருந்து வந்து தொலைக்காட்சியின் முன்னால் கரண்டியோடு நின்றாள். ஒரு வாரத்துக்கு முன்பு தான் வாக்களித்தவர், தன் மாநிலத்துக்கே வந்து நின்று, வேறு ஒருவருக்கு வாக்களியுங்கள் என்று சொல்வதைக் கேட்டாள். “என்னிடம் ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருக்கலாம்” என்றாள். டெக்சாஸில் மட்டும் இப்படி விலகிவிட்ட பூட்டஜெஜுக்கும் க்ளோபுச்சருக்கும் விழுந்த வாக்குகள் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பகுதி முன்கூட்டியே போட்டவை.

கட்சிப் பெரியவர்களின் ஆதரவு என்ற பத்திக்கு இங்கேதான் விடை இருக்கிறது. ஜெப் புஷ்ஷுக்கும் ஆளுநர்கள், செனட்டர்கள் என்று ஆதரவாளர் பட்டியல் நீளமாகத்தான் இருந்தது, ஒரு காசுக்குப் பயன்படவில்லை. கிளைபர்னின் சொல் எடுபட்டதற்குக் காரணம், அவர் யாருக்குச் சொன்னாரோ அந்த மக்கள் அவரை ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்தில் பார்க்கிறவர்கள். வெளியூர்ப் பிரமுகர் அறிக்கை விடுவதும் ஊர்ப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதும் ஒன்றாகுமா? அதனால் அந்தப் பத்தியில் எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, யார், எந்த ஊரில், எத்தனை நாள் முன்பு என்று எழுதச் சொன்னேன். அவன் முகம் சுளித்தான். எண்ணாக எழுத முடியாததை எக்செல் விரும்புவதில்லை.

இப்போது அந்த மஞ்சள் பத்தி. நவம்பரில் ஜெயிப்பாரா?

மற்ற எல்லாப் பத்திகளையும்விட இதற்குத்தான் அவன் அதிக எடை கொடுத்திருந்தான். நூற்றுக்கு நாற்பது. நான் பூச்சியம் கொடுக்கச் சொன்னேன். அரை மணி நேரம் சண்டை. 2004-இல் ஜான் கெர்ரி போர்வீரர், பதக்கம் வாங்கியவர், புஷ்ஷை இவர்தான் எதிர்கொள்வார் என்று தேர்ந்தெடுத்தார்கள், தோற்றார். 2012-இல் மிட் ரோம்னியைப் பாதுகாப்பான கை என்று தேர்ந்தெடுத்தார்கள், தோற்றார். 2007-இல் ஒபாமாவின் பெயரைச் சொன்னாலே இந்த நாடு இன்னும் அதற்குத் தயாரில்லை என்றவர்கள் ஏராளம். 2016-இல் டிரம்ப் பொதுத்தேர்தலில் ஜெயிக்கவே முடியாது என்பது இரண்டு கட்சிக்காரர்களும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். 1991 வசந்தத்தில் மூத்த புஷ்ஷின் செல்வாக்கு 90 விழுக்காட்டை நெருங்கியது. அவரை யாராலும் அசைக்க முடியாது என்று ஜனநாயகக் கட்சியின் பெரிய தலைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோ அந்த டிசம்பரில், நியூ ஹாம்ப்ஷயருக்குப் போய் மனுத்தாக்கல் செய்ய விமானம் தயாராக நின்றும் ஏறவில்லை. துணிந்து நின்ற ஆர்கன்சா ஆளுநர் பில் கிளின்டன் ஜெயித்தார்.

“அப்படியானால் 2020-இல் பைடன்? அவர் ஜெயிப்பார் என்றுதானே எல்லோரும் தேர்ந்தெடுத்தார்கள், ஜெயித்தாரே” என்றான். நியாயமான கேள்வி. ஜெயித்தார். வேறு ஒருவர் நின்றிருந்தால் தோற்றிருப்பாரா என்பதை மட்டும் எவராலும் சொல்ல முடியாது. நடக்காத தேர்தலுக்கு யார் சான்றிதழ் கொடுப்பது? வாக்காளர் தன் விருப்பத்தை மூடி வைத்துவிட்டு, தெரியாத ஊரில் தெரியாத ஒருவர் யாரை விரும்புவார் என்று ஊகிக்கிறார். அந்தத் தெரியாத ஒருவரும் அதையே செய்துகொண்டிருக்கிறார். கடைசியில் யாருக்குமே முதல் விருப்பம் இல்லாத ஒருவர் மேலே வந்து உட்கார வாய்ப்புண்டு. மார்ச் 3 மாலை நான் செய்ததும் அதுதான். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, மனம் வாரனிடம் இருக்க, விரல் பைடனைத் தொட்டது. தப்பு செய்தேன் என்று சொல்ல மாட்டேன். மகிழ்ச்சியோடு செய்தேன் என்றும் சொல்ல மாட்டேன்.

அவனுடைய அட்டவணையில் இல்லாத பத்தி ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் நான் எடை கொடுப்பேன். கட்சி விதி. கேட்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் பிரைமரியில் வாக்குகள் பிரதிநிதிகளாக மாறும் இடம் அதுதான்.

ஜனநாயகக் கட்சியில் பிரதிநிதிகளை வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள், 15 விழுக்காட்டைத் தொட்டவர்களுக்கு மட்டும். தொடாதவர்களுக்குச் சுழியம். மாநிலம் முழுவதற்கும் ஒரு கணக்கு, தொகுதிவாரியாக இன்னொரு கணக்கு. டெக்சாஸில் மாநில செனட் தொகுதிகள் 31-இலும் தனித்தனியாக இந்தப் பங்கீடு நடக்கிறது. ஒரு காகிதத்தை எடுத்துப் போட்டுக் காட்டினேன். ஒரு தொகுதிக்கு 6 பிரதிநிதிகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு 34 விழுக்காடு, இரண்டாமவருக்கு 30, மூன்றாமவருக்கு 14, நான்காமவருக்கு 12, மிச்சம் 10 சில்லறை. 15-ஐத் தாண்டியவர்கள் இருவரே. 34-க்கும் 30-க்கும் இடையே ஆறையும் பிரித்தால் ஆளுக்கு மூன்று. இப்போது நான்காமவரிடமிருந்து ஒரே ஒரு விழுக்காடு மூன்றாமவருக்குப் போகட்டும். அவர் 15-ஐத் தொடுகிறார். மறுபடி கணக்குப் போட்டால் முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1. மூன்றாமவருக்கு விழுந்த அந்த ஒரு விழுக்காட்டால் ஓர் இடத்தை இழந்தவர் இரண்டாமவர், அவருக்கும் இந்த மாற்றத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லாமலேயே.

இது வெறும் காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸில் ப்ளூம்பெர்க் வாங்கியது 14.4 விழுக்காடு. மாநில அளவிலான பங்கில் அவருக்கு ஒன்றும் கிடையாது. தொகுதிகளில் ஆங்காங்கே தேறி 11 பேர் வந்தார்கள். பைடனுக்கு 113, சாண்டர்ஸுக்கு 99, வாரனுக்கு 5. மாநிலத்தில் 11 விழுக்காட்டுக்கு மேல் வாங்கிய வாரனுக்குக் கிடைத்தது 228-இல் ஐந்து. நான் மனம் சொன்னபடி போட்டிருந்தால் அந்த வாக்கு பெரும்பாலும் காற்றோடுதான் போயிருக்கும்.

குடியரசுக் கட்சியில் கதை வேறு. பல மாநிலங்களில் முதலில் வந்தவர் மொத்தத்தையும் அள்ளிக்கொள்வார். 2016 தெற்கு கரோலினாவில் டிரம்புக்கு 32.5 விழுக்காடு வாக்கு, பிரதிநிதிகள் ஐம்பதில் ஐம்பதும். மீதி 67 விழுக்காட்டினர் ரூபியோ, குரூஸ், புஷ், கேசிச், கார்சன் என்று பிரிந்து நின்றார்கள். அந்த விதி இருக்கும் இடத்தில் பிடித்தவருக்கு வாக்களிப்பது என்பது, முன்னால் இருப்பவருக்குக் கதவைத் திறந்து விடுவதற்குச் சமமாகிவிடும். ஆகவே எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்கிறாய் என்பதைப் பொறுத்து, மனம் போன போக்கில் போவதற்கு ஆகும் செலவு மாறும்.

விதியைப் படித்தவர் ஜெயித்த கதை ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. 2008 பிப்ரவரி 5. ஹிலாரி கிளின்டன் நியூ ஜெர்சியை வென்றார். பத்து லட்சத்துக்கு மேல் வாக்குகள் பதிவான மாநிலம். பிரதிநிதிகள் 59-க்கு 48, ஆக லாபம் 11. அன்றே ஐடஹோ காகஸில் இருபதாயிரம் சொச்சம் பேர் கூடினார்கள். உருளைக்கிழங்கு விளையும் அந்தக் குடியரசுக் கட்சி மாநிலத்துக்கு ஒபாமாவின் ஆட்கள் முன்கூட்டியே போய் அலுவலகம் திறந்து வைத்திருந்தார்கள். பிரதிநிதிகள் 15-க்கு 3, லாபம் 12. ஒரு மாதம் கழித்து டெக்சாஸில் வாக்குச்சாவடியில் கிளின்டன் 51-க்கு 47 என்று ஜெயித்தார். அந்தக் காலத்தில் இங்கே பகலில் வாக்களித்துவிட்டு, மாலையில் அதே இடத்தில் காகஸும் நடக்கும். அதில் ஒபாமா முந்தி, மொத்தத்தில் 99-க்கு 94 என்று பிரதிநிதிகளைக் கொண்டுபோனார். நான் அப்போது பச்சை அட்டைக்காரன் (கிரீன் கார்டு), வாக்குரிமை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு வேடிக்கை பார்க்கப் போனேன். பள்ளி உணவுக்கூடத்தில் இரவு பத்து மணிக்கு ஆட்கள் கையெழுத்துத் தாளுக்காக முட்டிமோதிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலமும் வர வேண்டும் என்று ஒரு தரப்பு தன் ஆட்களிடம் சொல்லிவைத்திருந்தது, மற்றொரு தரப்பு சொல்லவில்லை. பார்த்தாலே தெரிந்தது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் பழைய கேள்விக்கே வந்தான். “சரி மாமா, முடிவாக என்ன செய்வது? பிடித்தவருக்கா, ஜெயிப்பவருக்கா?”

என் கணக்கு இதுதான். ஆளைத் தேர்ந்தெடுப்பதில் துணிச்சல் வேண்டும், நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, பிரைமரி படைதான். முன்கூட்டியே வாக்களித்த அத்தையின் வாக்குக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாய் அல்லவா. கடைசி நாள்வரை வைத்திரு. அன்று களத்தில் மிஞ்சியிருப்பவர்களில், உன் மாநிலத்தில் 15-ஐத் தொடக்கூடியவர்களை மட்டும் எடுத்துக்கொள். அதற்குக் கருத்துக்கணிப்பு போதும், மாநிலக் கணிப்பு, கடைசி வாரத்தது. அந்த இரண்டு மூன்று பேரில் உனக்குப் பிடித்தவர் யாரோ அவருக்குப் போடு. நவம்பரைப் பற்றி அப்போது யோசிக்காதே. குடியரசுக் கட்சிச் சீட்டைக் கேட்டாயானால், மொத்தமும் ஒருவருக்கே போகும் மாநிலமா என்று மட்டும் கூடுதலாகப் பார்த்துக்கொள்.

விலகியவருக்குப் போட்ட வாக்கு அடுத்த விருப்பத்துக்கு மாறும்படி ஒரு முறையும் இருக்கிறது. 2020-இல் அலாஸ்கா, ஹவாய், கான்சாஸ், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களின் ஜனநாயகக் கட்சி பிரைமரிகளில் வாக்காளர்கள் விருப்ப வரிசை எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த நான்கு மாநிலங்களின் முறை வருவதற்குள் சாண்டர்ஸும் விலகி, போட்டியே முடிந்துபோயிருந்தது. தேவைப்பட்ட இடத்தில் அந்த வசதி இல்லை, இருந்த இடத்தில் அதற்குத் தேவை இல்லை. அது டெக்சாஸுக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு நேரம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த மனைவி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“கடைசி நாள்வரை வைத்திரு என்று சொல்கிறாரே, அன்று ஹூஸ்டனில் ஒரு கல்லூரிச் சாவடியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்று நள்ளிரவு தாண்டி வாக்களித்தார்களே, அதைச் சொன்னாரா?”

சொல்லவில்லை. உண்மையில் அதை மறந்துதான் போயிருந்தேன். பிள்ளைக் காய்ச்சல், அலுவலக அவசரம், இயந்திரக் கோளாறு என்று கடைசி நாளில் என்ன வேண்டுமானாலும் வரலாம். முன்கூட்டியே போட்டால் வாக்கு வீணாகும் வாய்ப்பு, கடைசியில் போட்டால் போட முடியாமலே போகும் வாய்ப்பு. மாத ஊதியம் வாங்கிக்கொண்டு வசதியான நேரத்தில் புறப்படக்கூடிய எனக்கு இரண்டாவது பெரிதாகத் தெரியவில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவளுக்கு முதலாவது பெரிதாகத் தெரியவில்லை. ஆக, இந்த ஒரு வரியில் எங்கள் இருவர் விடையும் ஒன்றாக இருக்க முடியாது.

“இன்னொன்று” என்றாள். “அந்தச் சீட்டில் அதிபர் பெயர் முதல் வரிதான். அதற்குக் கீழே நீதிபதிகள், மாவட்ட அதிகாரிகள் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அவர்களில் ஒருத்தரும் பாதியில் விலகிப் போவதில்லை. என் மற்ற வாக்குகள் அத்தனையும் எண்ணப்பட்டன. உன் மாமா வாசலில் இரண்டு மணி நேரம் நின்ற களைப்பில் பாதியை வெற்றாக விட்டுவிட்டு வந்தார்.”

அதுவும் உண்மை.

அவன் மடிக்கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் பத்தியை அழிக்கவில்லை, நாற்பதைப் பத்தாகக் குறைத்திருந்தான். பக்கத்தில் புதிதாக இரண்டு பத்திகள்: ‘15-ஐத் தொடுவாரா’, ‘எந்தத் தேதி’. இரண்டாவதன் கீழே இப்போதைக்கு ஒரு கேள்விக்குறி.

“சாப்பிட்டுவிட்டுப் போடா” என்று அத்தை சாம்பார்ப் பாத்திரத்தைத் திரும்ப நடுவில் வைத்தாள்.